உறையும் வேளை

கல்லறைத் திருநாள் நெருங்கும்போதெல்லாம் என் மேசையோரத்தில் இருக்கும் ஒரு சிறு கண்ணாடிக் குவளை கண்ணில் படுகிறது. தேநீர்க் கடைகளில் பயன்படும் சாதாரணக் குவளை. பாதி எரிந்த மெழுகு அதில் உறைந்து கிடக்கிறது. திரி நடுவில் இல்லை. ஒரு பக்கமாகச் சாய்ந்து கண்ணாடியை ஒட்டி நிற்கிறது. அந்தப் பக்கம் புகை படிந்து, வாய் முதல் அடிவரை ஒரு விரிசல் ஓடுகிறது. பங்கு மாறி வந்தபோது தேவையற்றவை எனப் பலவற்றைக் கழித்துவிட்டேன். இதை மட்டும் துணியில் சுற்றி எடுத்து வந்தேன். இதை ஏன் வைத்திருக்கிறேன் என்று கேட்பவர்களுக்கு இதுவரை நான் சரியாகப் பதில் சொன்னதில்லை. இங்கே சொல்லிவிடலாம் என்று தோன்றுகிறது.

அப்போது நான் கன்னியாகுமரி மாவட்டத்தின் கடலோரப் பங்கு ஒன்றில் பணியாற்றிக்கொண்டிருந்தேன். அந்த மக்களுக்கு நவம்பர் 2 எவ்வளவு பெரிய நாள் என்பதை அவர்களோடு வாழ்ந்தவர் அறிவர். ஒரு வாரத்துக்கு முன்பே கல்லறைத் தோட்டத்தில் புல் செதுக்கி, சுண்ணாம்பு அடித்து, சிலுவைகளுக்கு வண்ணம் பூசிவிடுவார்கள். அன்று மாலையில் மலர் தூவி, மெழுகுதிரி ஏற்றி, குடும்பம் குடும்பமாக நிற்பார்கள். குரு கல்லறைகளை மந்திரித்துக்கொண்டே செல்வார். இருட்டிய பின் பார்த்தால், மண்ணுக்குள் இருப்பவர்களின் ஊர் விளக்கேற்றி வைத்து விழித்திருப்பது போலத் தோன்றும்.

2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் எங்கள் கடலைப் புரட்டிப்போட்டது. பல நாள் தங்கி மீன் பிடிப்பதற்காக ஆழ்கடலுக்குச் சென்றிருந்தவர்கள், எச்சரிக்கை கரையை எட்டியபோது கரையை விட்டு வெகு தொலைவு போயிருந்தார்கள். திரும்பி வந்தோர் சிலர். வேறு கரைகளில் ஒதுங்கி உயிர் பிழைத்தோர் சிலர். உடலாக வந்தோர் சிலர். உடலாகவும் வராதவர்கள் இருந்தார்கள். திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு அந்த ஆண்டு டிசம்பர் 3 அன்று வந்தது. நான்கு திரிகளில் முதல் திரியைப் பீடத்தருகே ஏற்றினேன். வருகைக்காகக் காத்திருத்தல் என்று ஆண்டுதோறும் நான் பேசி வந்த சொற்கள் அன்று என் தொண்டையிலேயே நின்றன. எதிரே அமர்ந்திருந்த பெண்கள் உண்மையாகவே காத்திருந்தார்கள்.

அந்த நாள்களில் நான் ஓயவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். வீடு வீடாகச் சென்றேன். மனுக்கள் எழுதினேன். அரிசியும் மருந்தும் சேர்த்தேன். இரவுகளில் கரையில் நின்றவர்களோடு நின்றேன். ஊரே அவர்களோடு நின்றது. அதிகாரிகள் வந்தார்கள், செய்தியாளர்கள் வந்தார்கள், தொலைவிலிருந்த பங்குகளிலிருந்து மக்கள் வண்டி வண்டியாக வந்தார்கள். கிறிஸ்து பிறப்பு விழா ஆரவாரமின்றிக் கடந்தது. பொங்கலும் கடந்தது. பிறகு வண்டிகள் வருவது குறைந்தது. எனக்கும் உறுதிபூசுதல் வகுப்புகள், கணக்குகள், பங்குத் திருவிழா ஏற்பாடுகள் என்று வேலைகள் சூழ்ந்துகொண்டன.

2018 பிப்ரவரி 2. ஆண்டவரைக் கோவிலில் காணிக்கையாக ஒப்புக்கொடுத்த திருநாள். வழக்கம்போல மெழுகுதிரிகளை மந்திரித்து, பவனியாகக் கோயிலுக்குள் நுழைந்தோம். முதியவர் சிமியோனைப் பற்றியும், கோவிலை விட்டு அகலாமல் நோன்பிருந்து செபித்த கைம்பெண் அன்னாவைப் பற்றியும் மறையுரை ஆற்றினேன். நன்றாகவே பேசியதாக நினைத்தேன்.

திருப்பலி முடிந்ததும் ஓர் இளம்பெண் பங்கு அலுவலகத்துக்கு வந்தார். கையில் சற்றுமுன் மந்திரித்த திரி அணைந்த நிலையில் இருந்தது. அவருடைய கணவர் திரும்பி வராதவர்களில் ஒருவர். "சாமி, அவர் பேருக்கு ஒரு பூசை வைக்கணும்" என்றார். நான் பூசைக் கருத்து நோட்டை விரித்தேன். அந்த நோட்டில் இடப்பக்கம் உயிரோடிருப்போர், வலப்பக்கம் இறந்தோர். எத்தனையோ ஆண்டுப் பழக்கம். பேனாவை வலப்பக்கத்தில் வைத்துக்கொண்டு, தலை நிமிராமலே, "இறந்தவங்க பக்கத்தில் எழுதிடட்டுமாம்மா?" என்று கேட்டேன்.

பதில் வரவில்லை. நிமிர்ந்து பார்த்தபோது, மேசைமீது வைத்த பணத்தை அவர் திரும்ப எடுத்துச் சேலை முந்தானையில் முடிந்துகொண்டிருந்தார். "அப்புறம் வர்றேன் சாமி" என்று சொல்லிவிட்டுப் போனார். அதன்பின் ஒன்பது மாதம் அவர் கோயில் படி ஏறவில்லை. எனக்கு அது உறைக்கவே சில வாரங்கள் ஆயின. உறைத்த பின்னும் அவர் வீட்டுக்குச் செல்லவில்லை. போய் என்ன சொல்வது என்ற தயக்கம் ஒன்று. நேரமில்லை என்ற சாக்கு இன்னொன்று.

அக்டோபர் மாதம் வந்தது. அன்பியக் கூட்டம் ஒன்றில் மூதாட்டி ஒருவர் எழுந்து, "கல்லறை இருக்கிறவங்க கல்லறையில் திரி ஏத்துவாங்க. இல்லாதவங்க எங்கே ஏத்துறது சாமி?" என்று கேட்டார். கூட்டம் அமைதியானது. ஒருவர் கடற்கரைக் குருசடியைச் சொன்னார். எல்லாருக்கும் அது சரியென்று பட்டது. ஆனால் கடற்காற்றில் வெறும் திரி ஒரு நிமிடமும் நிற்காது. கண்ணாடிக்குள் ஊற்றிய திரி வேண்டும். விலை கொடுத்து வாங்க வேண்டாம், நாமே செய்வோம் என்று மகளிர் முன்வந்தார்கள்.

எங்களுக்கு மெழுகுதிரி செய்யத் தெரியாது என்று சொல்ல முடியாது. முன்பு எப்போதோ நடந்த சுயதொழில் பயிற்சியின் மிச்சமாக அலுமினிய அச்சுகள் பங்கு மண்டபத்தில் கிடந்தன. இரண்டாகத் திறக்கும் அச்சு. உள்ளே எண்ணெய் தடவி, மேலும் கீழும் உள்ள பள்ளங்களில் நூலை இழுத்துச் சுற்றி, இறுக மூடி, உருகிய மெழுகை ஊற்றி, தண்ணீர்த் தொட்டியில் வைத்தால் சிறிது நேரத்தில் திரிகள் உருவாகிவிடும். அதில் நூல் இரு முனையிலும் கட்டுண்டு கிடப்பதால் அசைய வழியில்லை. குவளையின் கதை வேறு. அதன் அடி மூடியிருக்கிறது. நூலைக் கீழே இழுத்துக் கட்ட முடியாது. இந்த வேறுபாட்டை நாங்கள் யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. குவளையில் மெழுகை ஊற்றி, நடுவில் நூலை இறக்கி, சற்று நேரம் விரலால் பிடித்திருந்து, நின்றுவிட்டது என்று நம்பி, சன்னலோரத்தில் வரிசையாக வைத்துவிட்டுப் போனோம். நாற்பது குவளைகள்.

நவம்பர் 2 மாலை, கல்லறைகளை மந்திரித்துவிட்டுக் குருசடிக்கு வந்தோம். குவளைகளை மணல்மேட்டில் வைத்து ஏற்றினோம். முதல் கால் மணி நேரம் நன்றாகவே எரிந்தன. பிறகு சுடர்கள் ஒவ்வொன்றாகக் குவளையின் சுவரை நக்கத் தொடங்கின. கண்ணாடி கறுத்தது. செபமாலையின் மூன்றாம் பத்து மணியில் முதல் குவளை வெடித்தது. பிறகு இன்னொன்று. மக்கள் பதறிக் குழந்தைகளைப் பின்னுக்கு இழுத்தார்கள். யாருக்கும் காயமில்லை என்பது இறைவன் அருள்.

கூட்டத்தின் விளிம்பில் அந்தப் பெண் தம் சிறு மகனோடு நிற்பதை அப்போதுதான் கண்டேன். அவர்கள் ஏற்றிய குவளையும் விரிசல் கண்டு அணைந்திருந்தது. "அப்பாவோட திரி உடைஞ்சுபோச்சு" என்று பையன் சொன்னது எனக்குக் கேட்டது. சூடு ஆறிய பின் அவர் அதை எடுத்து வந்து என் கையில் கொடுத்தார். "நடுவில் நிக்கல சாமி" என்றார். ஒன்பது மாதங்களுக்குப் பின் அவர் என்னிடம் பேசிய முதல் சொல் அது. குற்றச்சாட்டாகச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னார்.

அன்றிரவு உறக்கமில்லை. இதைச் சரியாகச் செய்யக் கற்காமல் விடுவதில்லை என்று உறுதி கொண்டேன். நண்பரான குரு ஒருவர் இதைக் கேட்டுச் சிரித்தார். "இறைவனுக்கு நம் மெழுகு தேவையா? இறந்தவர்களுக்குத்தான் தேவையா? இதற்கு இத்தனை பாடா?" என்றார். புதிய கேள்வி அல்ல அது. நான்காம் நூற்றாண்டின் இறுதியிலும் ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் வாழ்ந்த விஜிலான்சியுஸ் என்ற குரு, மறைசாட்சிகளின் கல்லறைகளில் பட்டப்பகலில் திரி ஏற்றுவோரை எள்ளி நகையாடினார். புனித எரோணிமுஸ் 406-ஆம் ஆண்டில் அவருக்குக் காரசாரமாகப் பதில் எழுதினார். கிறிஸ்துவுக்கு நறுமணத் தைலம் தேவைப்படவில்லை. ஆயினும் அதை ஊற்றிய பெண்ணின் அன்பை அவர் ஏற்றுக்கொண்டார். திரி ஏற்றுவோரின் அன்பும் அப்படிப்பட்டதே என்பது அவருடைய வாதத்தின் சாரம். குருமடத்தில் தேர்வுக்காகப் படித்த இந்தச் செய்தி, உடைந்த குவளை கையில் இருந்தபோதுதான் எனக்கு உயிருள்ளதாயிற்று. அந்தப் பெண்ணின் அன்பு வெடிக்காமல் எரிய வேண்டும். அதற்கு என் பொறுப்பில் இருந்தது ஒரு திரி.

மெழுகுதிரியைப் பற்றி மிக எளிமையாகப் பேசியவர் மைக்கேல் ஃபாரடே. 1860-ஆம் ஆண்டின் கிறிஸ்து பிறப்பு விடுமுறையில் இலண்டன் இராயல் நிறுவனத்தில் அவர் இளைஞர்களுக்கு ஆற்றிய சொற்பொழிவுகள் மறு ஆண்டில் நூலாக வந்தன. அதில் வரும் விளக்கம் எங்களுக்கு உதவியது. சுடரின் வெப்பத்தில் மெழுகு உருகுகிறது. உருகிய மெழுகு திரியின் இழைகளுக்கிடையே உள்ள நுண்ணிய இடைவெளிகளின் வழியே தானாக மேலேறுகிறது. மேலே ஆவியாகி, அந்த ஆவியே எரிகிறது. சுடரைச் சுற்றி மேலெழும் காற்று மெழுகின் ஓரத்தைக் குளிர்விக்கிறது. எனவே ஓரம் கெட்டியாக நின்று, நடுவில் சிறு கிண்ணம் போன்ற குழி உண்டாகி, உருகிய மெழுகைத் தாங்குகிறது. திரி நடுவில் இருந்தால்தான் கிண்ணத்தின் விளிம்பு எல்லாப் பக்கமும் ஒரே உயரத்தில் நிற்கும். விலகினால் ஒரு பக்கம் உடைந்து மெழுகு வழிந்துவிடும். கண்ணாடிக்குள் வழிய இடமில்லை. ஆகவே அந்த வெப்பம் கண்ணாடியின் ஒரு பக்கத்தைத் தாக்குகிறது. ஒரு பக்கம் கொதித்து மறுபக்கம் குளிர்ந்திருந்தால் கண்ணாடி என்ன செய்யும்? வெடிக்கத்தான் செய்யும்.

திரியின் நூலுக்கும் ஒரு வரலாறு உண்டு. முறுக்கிய நூலைத் திரியாகப் பயன்படுத்திய காலத்தில், கருகிய முனையை அடிக்கடி கத்தரித்துக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. 1825-இல் பிரான்சு நாட்டவரான கம்பாசெரே என்பவர் பின்னிய திரியைக் கொண்டு வந்தார். பின்னல் எரியும்போது சற்றே வளைந்து, முனை சுடரின் விளிம்புக்கு வந்து, தானே எரிந்து தீர்ந்துவிடும். நாங்கள் முதலில் பயன்படுத்தியது வெறும் முறுக்கு நூல். பின்னிய திரிக்கு மாறினோம். மெழுகு கடையில் கிடைக்கும் பாரஃபின்தான். பாஸ்கா திரிக்கும் திருப்பலித் திரிகளுக்கும் பெரும்பகுதி தேன்மெழுகு வேண்டும் என்று 1904-இல் உரோமையின் சடங்குகள் பேராயம் ஆணையிட்டது உண்மை. மக்களின் நேர்ச்சைத் திரிகளைப் பற்றியது அன்று அந்த ஆணை.

சனிக்கிழமை மாலைகளில் மண்டபத்தில் கூடினோம். வெடித்த குவளைகளின் மெழுகையெல்லாம் கண்ணாடித் துகள் இல்லாமல் வடிகட்டி மீண்டும் உருக்கினோம். நேரடி நெருப்பில் மெழுகை வைப்பது ஆபத்து. சூடு மிஞ்சினால் அது எண்ணெயைப் போலத் தீப்பற்றும், தண்ணீர் ஊற்றி அணைக்கவும் முடியாது. எனவே கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் மெழுகுப் பாத்திரத்தை வைத்தோம். பின்னிய திரியை மெழுகில் தோய்த்து, நேராக இழுத்து, விறைக்கும்வரை தொங்கவிட்டோம். மெழுகேறிய திரி குச்சிபோல் நிற்கும், வளைந்து நெளியாது. அதன் அடியில், துளையிட்ட தகர வில்லை ஒன்றைக் கோத்து நசுக்கி, ஒரு சொட்டு மெழுகால் குவளையின் அடி நடுவில் ஒட்டினோம். மேலே என்ன செய்வது என்று திகைத்தபோது, மூதாட்டி ஒருவர் மூலையிலிருந்த துடைப்பத்திலிருந்து இரண்டு ஈர்க்குகளை உருவினார். அவற்றை இணையாகக் குவளையின் வாய்மீது வைத்து, திரியை இடையில் கவ்வவைத்து, இரு முனைகளையும் நூலால் கட்டினார். நூறு ரூபாய்க் கருவி செய்யாததை அந்த ஈர்க்குகள் செய்தன.

இத்தனைக்குப் பிறகும் பத்தில் மூன்று, நான்கு திரிகள் விலகின. கீழே ஒட்டியிருக்கிறது, மேலே கட்டியிருக்கிறது, ஆனாலும் இடையில் வில்போல் வளைந்தன. அல்லது ஈர்க்கையே இழுத்துக்கொண்டு ஒரு பக்கம் நகர்ந்தன. காரணம் புரியவில்லை. ஊற்றும்போது ஒருவர் கைக்கு ஒரு குவளையாகக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டோமே என்று அங்கலாய்த்தோம்.

2019 சனவரியில் ஒரு மாலை, அழைக்காமலே அந்தப் பெண் வந்தார். வலை பின்னும் கைகள் அவருக்கு. ஒன்றும் பேசாமல் எங்களோடு திரி தோய்த்தார், வில்லை ஒட்டினார். மெழுகு ஊற்றி முடித்ததும் வழக்கம்போல எல்லாரும் கைகழுவித் தேநீருக்குப் போனோம். நான் திரும்பி வந்தபோது அவர் மட்டும் குவளைகளின் முன் தரையில் அமர்ந்திருந்தார். சன்னலை மூடியிருந்தார். ஒவ்வொரு குவளையாகப் பார்த்து, ஈர்க்கை ஒரு நூலிழை அளவு இப்படியும் அப்படியும் தள்ளிக்கொண்டிருந்தார். "தேநீர் ஆறிப்போகுதம்மா" என்றேன். அவர் கண்ணை எடுக்காமல் சொன்னார்: "ஊத்தும்போது எல்லாரும் பிடிச்சுக்கிறோம் சாமி. உறையும்போதுதான் யாரும் இல்லை."

நான் நின்ற இடத்திலேயே நின்றேன். அவர் மெழுகைப் பற்றித்தான் சொன்னார். அதில் ஐயமில்லை. ஆனால் என் கண்முன் 2018 பிப்ரவரியின் அந்த நோட்டு விரிந்தது.

அவர் சொன்னது எவ்வளவு சரி என்பதைப் பிறகு கவனித்துப் பார்த்து அறிந்தேன். மெழுகு சூடாக இருக்கும்போது திரி எளிதாக நிற்கும். அதை எதுவும் இழுப்பதில்லை. குளிரத் தொடங்கும்போது மெழுகு சுருங்குகிறது. குவளையின் சுவரோரம் முதலில் உறைகிறது, மேலே ஏடு படிகிறது, நடுப்பகுதி மட்டும் கடைசிவரை உருகியே இருக்கிறது. சுருங்கும் மெழுகு நடுவில், திரியைச் சுற்றிக் குழி விழச் செய்கிறது. ஒரு பக்கம் காற்றுப் பட்டால் அந்தப் பக்கம் முந்தி உறைந்து, சமநிலை கெட்டுத் திரி நகர்கிறது. எங்கள் முதல் நாற்பது குவளைகளையும் கடற்காற்று வரும் சன்னலோரத்தில் வைத்தது எத்தகைய பேதைமை! காற்றில்லாத இடத்தில், குவளைகளுக்கிடையே இடைவெளி விட்டு வைத்து, மேலே ஏடு படியும் வேளையில் ஒருமுறை திரியை நேராக்க வேண்டும். பிறகு ஊசியால் திரியைச் சுற்றி மூன்று நான்கு துளைகள் இட்டு, உள்ளே உண்டான வெற்றிடத்தைத் திறந்துவிட வேண்டும். ஒதுக்கி வைத்த மெழுகை மீண்டும் உருக்கி அந்தக் குழியில் ஊற்ற வேண்டும். அப்போதும் அருகில் இருக்க வேண்டும். பெரிய வேலை ஒன்றுமில்லை. அரை மணி, முக்கால் மணி நேரம் எழுந்து போகாமல் அமர்ந்திருப்பதுதான் வேலை.

நான் ஊற்றும் நேரத்துக் குருவாக இருந்தேன். துயரம் கொதிக்கும்போது ஓடி வந்தேன், அதில் பொய்யில்லை. அந்தச் சூட்டில் அந்தப் பெண்ணை எல்லாரும் தாங்கிக்கொண்டிருந்தோம், அவர் நின்றார். கூட்டம் கலைந்து, வீடு அமைதியாகி, கடன்காரர் கதவைத் தட்டி, பையன் "அப்பா எப்போ வருவாரு" என்று நூறாவது முறையாகக் கேட்ட மாதங்களில்தான் அவருடைய துயரம் உறையத் தொடங்கியது. ஒரு திரி எந்தப் பக்கம் சாயும் என்பது அப்போதுதான் முடிவாகிறது. அந்த வேளையில் நான் தேநீருக்குப் போயிருந்தேன். அவர் தாமாக என்னைத் தேடி வந்த ஒரே நாளில், எந்தப் பக்கம் எழுதுவது என்று கேட்டேன்.

உறைந்துபோன திரியை நேராக்க முடியுமா? முடியும். ஆனால் குளிர்ந்த மெழுகில் திரியைப் பிடித்து இழுத்தால் அது அறுந்துவிடும். குவளையை வெதுவெதுப்பான நீரில் வைத்து, மெழுகு இளகும்வரை பொறுத்திருந்து, பிறகு மெல்ல நகர்த்த வேண்டும். அதுவும் முடியாவிட்டால் முழுவதையும் உருக்கி மீண்டும் ஊற்ற வேண்டும். எப்படியாயினும் மறுபடியும் சூடு வேண்டும். மறுபடியும் காத்திருப்பு வேண்டும்.

அடுத்த வாரம் அந்தப் பெண்ணின் வீட்டுக்குச் சென்றேன். வாசலில் வலை பின்னிக்கொண்டிருந்தார். "அன்னைக்கு நோட்டை வைச்சுக்கிட்டு நான் கேட்டது தப்பும்மா, மன்னிச்சுக்கோங்க" என்றேன். சொல்ல நினைத்திருந்த மற்றவை எதுவும் வாயில் வரவில்லை. அவர் சற்று நேரம் பின்னலைத் தொடர்ந்தார். பிறகு உள்ளே பார்த்து, "சாமிக்கு ஒரு நாற்காலி எடுத்துட்டு வா" என்று மகனிடம் சொன்னார். அமர்ந்தேன். அன்று வேறெதுவும் பேசியதாக நினைவில்லை. பையன் தன் பள்ளிப் பாடநூலைக் கொண்டுவந்து காட்டினான். அடுத்தடுத்த மாதங்களிலும் சென்றேன். அவரைப் போன்ற மற்றவர்களின் வீடுகளுக்கும் சென்றேன். ஆறுதல் கூறக் கற்றுக்கொண்ட சொற்களை முடிந்தவரை கோயிலிலேயே விட்டுவிட்டுச் செல்ல முயன்றேன்.

வேறொன்றும் எனக்குப் புரிந்தது. அடக்கத் திருப்பலியில் சவப்பெட்டியின் அருகே பாஸ்கா திரியை நிறுத்துகிறோம். திருமுழுக்கு நாளில் எந்தச் சுடரிலிருந்து நம் திரி ஏற்றப்பட்டதோ, அந்தச் சுடர் இறுதியிலும் அருகே நிற்கிறது என்பது அதன் பொருள். எத்துணை அழகான அடையாளம்! ஆனால் பெட்டியே இல்லாதவருக்கு அந்தத் திரியை எங்கே நிறுத்துவது? திருச்சபை உடலில்லாத நிலையிலும் இறந்தோருக்காகச் செபிக்கிறது. அது எனக்குத் தெரியும். அந்தப் பெண்ணுக்கு வேண்டியிருந்தது அந்த விதி அல்ல. தம் கணவரை இறந்தவர் என்று தம் வாயால் சொல்லும் கடமையை யாரும் தம்மீது சுமத்தாமல் இருக்க வேண்டும் என்பதே. உயிர்த்தெழுந்தவரின் முன் வாழ்வோரும் இறந்தோரும் ஒன்றே என்று பாடம் நடத்தத் தெரிந்த எனக்கு, ஒரு நோட்டின் நடுக்கோட்டைத் தாண்டத் தெரியவில்லை.

2019 நவம்பர் 2 மாலை மீண்டும் குருசடியில் கூடினோம். இந்த முறை குவளைகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்துத்தான் எடுத்து வந்திருந்தோம். நடுவில் நில்லாத ஒன்றைக்கூட விடவில்லை. திரிமுனைகளைக் கால் அங்குலம் விட்டுக் கத்தரித்திருந்தோம். நீண்ட திரி புகையும், சுடர் தலைவிரித்தாடும். மணலைக் குழித்துக் குவளைகளை ஊன்றி ஏற்றினோம். காற்று வந்தபோது சுடர்கள் குனிந்தன, பிறகு நிமிர்ந்தன. சற்று நேரத்தில் ஒவ்வொரு குவளையிலும் உருகிய மெழுகு சுவர்வரை வட்டமாகப் பரவியது. செபமாலை முடிந்தது. பிரார்த்தனை முடிந்தது. எதுவும் வெடிக்கவில்லை. மக்கள் கலைய மனமில்லாமல் மணலில் அமர்ந்திருந்தார்கள். பையன் தன் அப்பாவின் திரிக்கு முன் குப்புறப் படுத்து, கன்னத்தில் கைகளை ஊன்றி அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மறுவாரம் அந்தப் பெண் அலுவலகத்துக்கு வந்தார். முந்தானை முடிச்சை அவிழ்த்துப் பணத்தை மேசைமீது வைத்தார். "அவர் பேருக்கு ஒரு பூசை சாமி." நான் நோட்டை விரித்தேன். இரு பக்கங்களுக்கும் மேலே, நாளைக் குறிக்கும் இடத்துக்கு அருகில், அந்தப் பெயரை எழுதினேன். "சரிதானேம்மா?" என்று நோட்டைத் திருப்பிக் காட்டினேன். அவர் பெயரை மட்டும் பார்த்தார். "சரி சாமி" என்றார்.

குறித்த நாளில் திருப்பலியில், இறந்தோர்க்கான மன்றாட்டிலும் வாழ்வோர்க்கான மன்றாட்டிலும் சேர்க்காமல், இரண்டுக்கும் இடையில் அந்தப் பெயரை மட்டும் சொன்னேன். திருவழிபாட்டு வல்லுநர்கள் இதற்கு என்ன சொல்வார்களோ, அறியேன். மூன்றாவது வரிசையில் அந்தப் பெண் தலை குனிந்திருந்தார். பையன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான்.

இப்போது நான் உள்நாட்டுப் பங்கு ஒன்றில் இருக்கிறேன். இங்கே கடல் இல்லை, துயரங்கள் இருக்கின்றன. யார் வீட்டிலாவது இறப்பு நேர்ந்தால், அடக்கம் முடிந்த நாளின் தேதியோடு, மூன்று மாதம் கழித்தும் ஆறு மாதம் கழித்தும் வரும் தேதிகளையும் என் நாட்குறிப்பில் குறித்துக்கொள்கிறேன். அந்த நாள்களில் அந்த வீட்டுக்குப் போக வேண்டும். சில வேளைகளில் மறந்துவிடுகிறேன். அப்போதெல்லாம் மேசையோரத்திலிருக்கும் இந்த விரிசல் விழுந்த குவளை கண்ணில் படுகிறது. தேநீரை அப்படியே வைத்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொள்கிறேன்.